அடுத்த இடத்திலை நிப்பாட்டுறன்

டிங்.

பஸ்ஸின் நடுக்கதவருகே யாரோ சிவப்புப் பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள். என் முன்னால் ஒரு சிறு விளக்கு எரிகிறது. கண்ணாடியில் பார்க்கிறேன். வயதான டெனிஷ்காரி ஒருத்தி பூச்சாடியொன்றைப் பிள்ளையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கிறாள். அடுத்த தரிப்பிடத்தில் நிறுத்துகிறேன். நன்றி சொல்லி இறங்குகிறாள். கதவு மூடுகிறது. ஹேர்னிங் நகரத்தில் பதினாறு வருடமாக இதுதான் என் வேலை. மணி அடித்தால் நிறுத்த வேண்டும். குடித்தவன் அடித்தாலும், பள்ளிப் பிள்ளைகள் விளையாட்டுக்கு அடித்தாலும் நிறுத்துவேன்.

முன்பெல்லாம் அந்தச் சத்தம் என் காதில் விழுந்தது கிடையாது. என் கை கேட்டது, கால் கேட்டது, நான் கேட்கவில்லை. இப்போது ஒவ்வொரு முறையும் கேட்கிறது. கால் பிரேக்கைத் தேடிப்போகும் அந்த அரைக் கணத்தில் என் பக்கத்து இருக்கையில் என் மனைவி இருக்கிறாள். பஸ்ஸில் சாரதிக்குப் பக்கத்து இருக்கை கிடையாது. இருந்தாலும் இருக்கிறாள். மடியில் தேநீர்ப் போத்தல், முகம் ஜன்னல் பக்கம்.

"இஞ்சாருங்கோ, உதிலை ஒருக்கா நிப்பாட்டுங்கோவன்."

"அடுத்த இடத்திலை நிப்பாட்டுறன்."

இருபத்தாறு வருடக் கல்யாணத்தைப் பிழிந்தால் இந்த இரண்டு வரிதான் சொட்டும் போலிருக்கிறது.

போன செப்டெம்பரில் அவள் என்னை விட்டு அவுஸ்திரேலியாவுக்குப் போனாள். அதற்கு முந்திய ஒரு கிழமையை, ஏழு நாட்களை, நாங்கள் எங்கள் கரவனில் கழித்தோம். காரின் பின்னால் கொளுவி இழுத்துக்கொண்டு போகும் அந்த வெள்ளைப் பெட்டி வீடு, கட்டிலும் அடுப்பும் மடிக்கிற மேசையும் உள்ள அந்தத் தகர வீடு, எங்கள் இரண்டாவது வீடு என்று நான் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தது. முதல் வீட்டில் நான் இருந்ததே இல்லை என்று அவள் ஒருமுறை சொன்னாள். சரிதான். எனக்கு இருப்புக் கொள்ளாது. வேலையில் பஸ் ஓட்டிவிட்டு வந்து, ஓய்வு நாளில் கார் ஓட்டுகிறவன் நான். சுவீடன், ஜேர்மனி, சுவிஸ், ஒல்லாந்து என்று கரவனை இழுத்துக்கொண்டு ஓடியிருக்கிறேன். போய்ச் சேர்ந்த இடங்களைப் பற்றி எழுதுவேன். அவள் வாசிப்பாள். "உதிலை நானும் இருந்தனான் எண்டு ஒரு வரியும் இல்லையே" என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள்.

அவுஸ்திரேலியப் பயணம் இருவருக்குமாகப் போட்ட திட்டம். அடிலெய்டில் அவளுடைய அக்கா இருக்கிறா. அக்காவின் கணவர், என் சகலன், பெரிய கரவன் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டு இரண்டு வருடமாகத் தொலைபேசியில் குரல் பதிந்து அனுப்பிக்கொண்டிருந்தார். "சகலன், நீங்கள் வந்து இறங்குங்கோ, மிச்சத்தை நான் பாக்கிறன். முதல் மூண்டு நாள் முந்திரிகைத் தோட்டங்கள். பேந்து வடக்கை ஏறினமெண்டால் மலைத்தொடர். சிவப்பு மண். கண்ணுக்கெட்டின தூரத்துக்கு ஒரு சனம் இராது. கங்காருதான் றோட்டுக்கு ராசா." திராட்சைக்கு எங்கள் பக்கத்தில் முந்திரிகை என்று பேர். அந்தத் தோட்டங்களையும் சிவப்பு மலைகளையும் நான் போகாமலே பார்த்துவிட்டேன். ஹேர்னிங்கில் உள்ள தமிழர் அத்தனை பேரையும் பார்க்கவைத்தேன். கோயிலில், பிறந்தநாள் விழாக்களில், கார் கழுவும் இடத்தில்கூட.

சித்திரையில் ஒரு காலை. அவள் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். காலை முறை வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். தேநீரைப் போத்தலில் ஊற்றியபடி சொன்னாள்:

"நான் மட்டும் போறன். அங்கையே நிக்கப்போறன். அக்கா வேலையும் பாத்து வச்சிருக்கிறா, விசாவும் சரிவந்திட்டுது. நீங்கள் வரவேண்டாம்."

"ஏன்?"

போத்தலின் மூடியை இறுக்கிப் பூட்டினாள். "ஏன் எண்டு கேக்க உங்களுக்கு இவ்வளவு காலம் எடுத்திருக்கு."

அவ்வளவுதான். சத்தம் இல்லை, பாத்திரம் உடையவில்லை. அவள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாள். நான் என் பஸ்ஸுக்குப் போனேன். அன்று முழுக்க எல்லாத் தரிப்பிடத்திலும் நேரத்துக்கு நின்றேன்.

கோடை முழுக்கக் கேட்க முடியவில்லை. கடைசியில் ஓகஸ்டில், ஒன்றே ஒன்று கேட்டேன். "ஒரு கிழமை தாரும். போறதுக்கு முதல். எங்கடை கரவனிலை, இஞ்சை, டென்மார்க்குக்குள்ளையே."

"சரி" என்றாள்.

அந்த ஒரு கிழமையில் ஒரு சொல்லை நான் அவளிடம் சொல்ல வேண்டும். போகாதையும். எங்கள் ஊரில் கணவன் மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல், நீர், வாரும், இரும் என்று மரியாதையும் நெருக்கமுமாகக் கதைக்கிற பழக்கம். அந்தப் பழக்கத்தில் போகாதையும் என்பது மிகச் சிறிய சொல். மூச்சை உள்ளே இழுத்து வெளியே விடுவதற்குள் சொல்லிவிடலாம்.

ஊருக்கு நான் சொன்ன பொய்யை இங்கே சொல்லியாக வேண்டும். அவள் தனியே போகிறாள் என்று யாரிடமும் சொல்ல எனக்கு நா எழவில்லை. எனவே நாங்கள் இருவரும் போகிறோம் என்றே விட்டுவிட்டேன். கரவனில் புறப்படும் ஞாயிற்றுக்கிழமையைத்தான் விமானம் ஏறும் நாள் என்று அறிவித்தேன். அந்தக் கிழமையில் யாரும் வந்து கதவைத் தட்டமாட்டார்கள் அல்லவா? அதற்குப் பிறகு, நான் தனியாக வீடு திரும்பிய பிறகு, என்ன செய்வேன்? அதை நான் யோசிக்கவேயில்லை.

ஆனால் நம்மவர்களில் ஒருவர் விமானம் ஏறுகிறார் என்றால் என்ன நடக்கும் என்பதையாவது யோசித்திருக்கலாம். பார்சல்கள் வந்தன. "ஒரு சின்னப் பார்சல் அண்ணை, அரைக் கிலோவும் வராது." அவுஸ்திரேலியாவில் தங்கைக்கு, பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல்மா, மாமிக்கு வறுத்த மிளகாய்த்தூள், பெரியபிள்ளையான பெறாமகளின் சாமத்தியவீட்டுக்குச் சேலை, யாரோ ஒருவரின் முழங்காலுக்கு எண்ணெய். வேண்டாம் என்று சொன்னால் பயணத்தின் மேல் சந்தேகம் வரும். வாங்கினேன். ஒன்பது பார்சல்கள். அந்த நாட்டுக்குள் சாப்பாட்டுச் சாமான் கொண்டுபோனால் விமான நிலையத்திலேயே பறித்து எறிந்துவிடுவார்கள் என்பதுகூட என் பொய்க்கு முன்னால் எனக்கு நினைவில் நிற்கவில்லை.

புறப்படும் காலை காரின் முன் சில்லுகளுக்கு அடியில் ஒவ்வொரு எலுமிச்சம்பழம் வைத்தேன். அவள் வாசலில் நின்று பார்த்தாள்.

"உது புது வாகனத்துக்கெல்லோ வைக்கிறது."

"இருக்கட்டும்."

"இது பதின்மூண்டு வருசக் கார்."

"இருக்கட்டும் எண்டுறன்."

பழங்கள் நசுங்கின. புளிப்பு மணத்தோடு கிழக்கே போனோம். சில்க்போர்க் தாண்டியதும் ஏரிகள் தொடங்கும்; மரங்களுக்கிடையில் தண்ணீர் மின்னி மின்னி மறையும். கரவனோடு மெதுவாகத்தான் போகலாம். லொறிகள் எங்களைத் தாண்டின. அவள் ஒன்றும் கேட்கவில்லை. ஸ்ட்ராபெரி விற்கும் தகரக் கொட்டில்கள் பருவம் முடிந்து வெறுமையாக நின்றன. ஒவ்வொன்றைக் காணும்போதும், இதில் நிறுத்தச் சொல்லும், நிறுத்துகிறேன் என்று மனத்துக்குள் அவளைக் கெஞ்சினேன். அவள் சொல்வதை நிறுத்தி எத்தனையோ காலமாகிவிட்டது என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது.

இரண்டாம் நாள் மழை. ஏரிக்கரை முகாமில் எங்களைத் தவிர ஓய்வுபெற்ற நாலைந்து டெனிஷ் சோடிகள். இரவு உடுப்போடு, கையில் பற்தூரிகையோடு, குளியலறைக்குப் போகும் வழியில் ஒருவருக்கொருவர் "ஹை" சொல்லிக்கொள்ளும் அந்த அமைதியான குடியரசு. கரவனின் கூரையில் மழை அரிசி கொட்டுவது போலக் கொட்டிக்கொண்டிருந்தது. அவள் பார்சல்களைக் கட்டிலில் பரப்பி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"உதுகளை அங்கை விடமாட்டாங்கள் எண்டு தெரியாதே உங்களுக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சுகொண்டே வாங்கினியள்."

"ஓம்."

"விசர் மனிசன்." ஒடியல்மாப் பையைப் பிரித்தாள். "பூஞ்சணம் பிடிக்கவிடுறதிலும் பாக்கக் காய்ச்சிக் குடிப்பம்."

அன்று மத்தியானம், யாரோ ஒருவரின் தங்கைக்குப் போக வேண்டிய மாவில், இன்னொருவரின் மாமிக்குப் போக வேண்டிய மிளகாய்த்தூளில், கடையில் வாங்கிய டெனிஷ் இறாலும் மீனும் போட்டு, அவள் கூழ் காய்ச்சினாள். கரவனின் ஜன்னல்கள் எல்லாம் வேர்த்தன. புளியும் மீனும் ஒடியலும் சேர்ந்த வாசம் முகாமெங்கும் போயிருக்க வேண்டும். பக்கத்துக் கரவன்காரர் குடையோடு வந்து, ஏதாவது எரிகிறதா, உதவி வேண்டுமா என்று மிக மரியாதையாகக் கேட்டார். அவள் ஒரு கோப்பை ஊற்றிக் கையில் கொடுத்தாள். அவர் நின்ற நிலையிலேயே குடித்தார். கண் கலங்கி, மூக்கு ஒழுகி, "சுவாரசியமாக இருக்கிறது" என்றார். டெனிஷ்காரர் சுவாரசியம் என்றால் இனி ஜென்மத்துக்கும் வேண்டாம் என்று அர்த்தம். அவர் போனபின் அவள் சிரித்த சிரிப்பு! தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, தோள் குலுங்க. அந்த நேரம் சொல்லியிருக்கலாம். கூழ் தொண்டைக்குள் சுட்டுக்கொண்டிருந்தது. நானும் சிரித்தேன். சிரிப்பைக் கெடுக்க மனம் வரவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அன்று பின்னேரம் மகள் தொலைபேசியில் வந்தாள். ஓகூஸ் நகரத்தில் படித்து அங்கேயே வேலை பார்க்கிறாள். தமிழில் கேட்டால் டெனிஷில் பதில் சொல்வாள். அவளுக்கு எல்லாம் தெரியும். நீங்கள் இன்னும் அம்மாவிடம் கேட்கவே இல்லையென்றால் அம்மா எதற்குப் பதில் சொல்வது என்று கேட்டாள். டெனிஷில் அது கோபம் போலக் கேட்கவில்லை. நகரசபையிலிருந்து வரும் கடிதம் போல, திகதி குறித்து, நிதானமாக இருந்தது. "நாளைக்கு" என்றேன். அவள் மூச்சு விட்டது கேட்டது.

மூன்றாம் நாள் வெயில். கடலோரம் போகும் அந்தத் தெருவில் ஒரு பலகை இருக்கிறது. திராட்சைக் குலை வரைந்த சிறிய பலகை. டென்மார்க்கிலும் திராட்சை காய்க்கிறது, வைன் செய்கிறார்கள். ஒவ்வொரு கோடையும் கடற்கரைக்குப் போகும் வழியில் அந்தப் பலகையைக் கண்டதும் அவள் கேட்பாள். நானும் என் வரியைச் சொல்வேன். திரும்பி வரும்போது வேறு பாதையால் வருவேன். எத்தனை கோடைகள்! அன்று பலகையைக் கண்டதும், அவள் கேட்காமலே, சமிக்ஞை போட்டுத் திருப்பினேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

சரிவில் இருபது முப்பது வரிசை. பறவை கொத்தாமல் வலை போர்த்தியிருந்தது. மரச்செருப்புப் போட்ட நெடிய மனிதர் ஒருவர், வேலையிலிருந்து ஓய்வுபெற்றபின் இதைத் தொடங்கினாராம், வலையைத் தூக்கிக் காட்டினார். அவள் குனிந்தாள். இரண்டு விரலால் ஒரு குலையை ஏந்தினாள், பிறந்த குழந்தையின் பாதத்தைப் பார்ப்பது போல.

"ஐயா ஏணியிலை நிண்டெல்லோ வெட்டுவார்" என்றாள், எனக்கும் அவருக்கும் நடுவில் யாருக்கோ. "இஞ்சை குனியவேண்டிக் கிடக்கு."

ஐயா என்பது அவளுடைய தகப்பன். யாழ்ப்பாணத்தில் அவருக்கு முந்திரிகைப் பந்தல் இருந்தது. அதற்காகத்தான் இத்தனை கோடையும் இந்தப் பலகையைக் கேட்டாளா? எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை. ஆனால் அந்த மரச்செருப்புக்காரர் கேட்டார். எப்போது கொடியைக் கவ்வாத்து வெட்டுவார்கள், தளிர்க்க எத்தனை கண் விடுவார்கள், வெயிலுக்கு என்ன செய்வார்கள் என்று ஒவ்வொன்றாக. அவளுடைய டெனிஷ் என்னுடையதைவிட நல்லது. முதியோரோடு பேசிப் பேசித் தெளிந்த டெனிஷ். அரை மணித்தியாலத்தில் ஓர் அந்நியர் என் மனைவியின் தகப்பனைப் பற்றி என்னைவிட அதிகம் அறிந்துகொண்டார்.

வெள்ளை வைன் ஒரு சிறு கிண்ணத்தில் வந்தது. நான் வாகனம் ஓட்டுகிறவன், தொடவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் விரதம் பிடிக்கிற அவள், மணந்து பார்த்தாள், ஒரு வாய் குடித்தாள்.

"புளிச்ச முந்திரிகைத் தண்ணி. உதுக்கோ இவ்வளவு ஆரவாரம்?"

இன்னொரு வாய் குடித்தாள். பிறகு இன்னொன்று. கன்னம் சிவந்தது. வரிசைகளுக்கிடையில் கிடந்த மர வாங்கில் அமர்ந்து செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைப் புல்லில் வைத்தாள். குளவிகள் சுற்றின. தூரத்தில் ஒரு துண்டுக் கடல். "நல்லாயிருக்கு" என்றாள். "இருங்கோவன்."

இருக்கத்தான் வேண்டும். பக்கத்தில் அமர்ந்து அந்தச் சிறு சொல்லைச் சொல்லத்தான் வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? மணிக்கூட்டைப் பார்த்தேன்.

"கேம்பிங்கிலை அஞ்சு மணிக்கு ஒஃபிசைப் பூட்டிப்போடுவினம். வெளிக்கிடுவமே?"

அவள் கிண்ணத்தை வாங்கில் வைத்தாள். செருப்பை மாட்டினாள். காருக்கு வந்து பெல்டைப் போட்டபின்தான் வாயைத் திறந்தாள்.

"பஸ்ஸிலை ஆர் பெல் அடிச்சாலும் நிப்பாட்டுறியள். நான் பெல் அடிக்கேல்லை. வாயாலை சொன்னனான். அதுதான் பிழை."

நாலாம் நாள் பாலும் பாணும் வாங்க சிறு பட்டினம் ஒன்றின் கடைக்குப் போனோம். பால் அலுமாரிக்கு முன்னால் ஒரு குரல்: "அண்ணை! நீங்கள் அவுஸ்ரேலியா எல்லோ?"

பிரெடெரிசியாவில் இருப்பவர். தங்கைக்கு ஒடியல்மா கொடுத்துவிட்டவர். வேலை விஷயமாக இந்தப் பக்கம் வந்தாராம். டென்மார்க் எவ்வளவு சின்ன நாடு என்பதை அந்தப் பால் அலுமாரிக்கு முன்னால் நான் உணர்ந்தது போல யாரும் உணர்ந்திருக்க மாட்டார்கள்.

"ஃபிளைட் பிந்திப்போச்சு தம்பி" என்றேன்.

"நாலு நாளோ?"

"அங்கை காலநிலை சரியில்லையாம்..."

"அக்கா, அப்ப மா பத்திரம்தானே?"

அவள் பால் பெட்டியைக் கூடைக்குள் வைத்தாள். "தம்பி, அதை நாங்கள் முந்தநாள் கூழ் காய்ச்சிக் குடிச்சிட்டம்."

அவர் பெரிதாகச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. சிரிப்பு அவர் முகத்தில் மெல்ல மெல்ல இறங்கியது.

"நான் மட்டும்தான் போறன், தம்பி. இவர் வரேல்லை. நான் திரும்பி வர டிக்கெட்டும் எடுக்கேல்லை. உங்கடை தங்கச்சிட்டை நான் போய்ச் சொல்லுறன், மன்னிக்கச் சொல்லி."

குளிர்பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். மிகுந்த கவலையோடு கேட்டார்:

"அப்ப அண்ணைக்கு ஆர் சமைக்கிறது?"

"அண்ணைக்குக் கை இருக்கு தம்பி."

வெளியே வந்து காரில் ஏறியபோது என் காது சூடேறியிருந்தது. ஆனால் உள்ளே எங்கோ ஒரு முடிச்சு அவிழ்ந்திருந்தது. இனி ஒளிக்க ஒன்றுமில்லை. அவர் பிரெடெரிசியா போய்ச் சேருவதற்குள் ஹேர்னிங் முழுக்கத் தெரிந்துவிடும். தெரிந்தது. பிறகு நான் ஒவ்வொரு வீட்டுக்கும் மிச்சப் பார்சல்களைத் திருப்பிக் கொண்டுபோனபோது யாரும் எதுவும் கேட்கவில்லை. எல்லா வீட்டிலும் சாப்பாடு கட்டித் தந்தார்கள்.

ஐந்தாம் நாள் மொல்ஸ் மலைகளுக்குப் போனோம். மலை என்றுதான் வரைபடத்தில் போட்டிருக்கிறது. நூற்று முப்பது சொச்சம் மீற்றர். புல்லும் செம்மறிகளும், கருகிச் சிவந்த ஹெதர்ப் பூப் புதர்களும், மூன்று பக்கமும் கடலும். அவள் உச்சியில் நின்று இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கினாள்.

"உதுக்கு மலை எண்டு பேர் வச்சவன் யாழ்ப்பாணத்தானாத்தான் இருப்பான். பிறந்ததிலை இருந்து மேட்டைக் கண்டிருக்கமாட்டான்."

இருவரும் சிரித்தோம். காற்று அடித்தது. சிவப்பு மலைத்தொடரைப் பார்க்கச் சேமித்து வைத்த கண்களால் அந்தச் செம்மறிகளைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு அவள், என் பக்கம் திரும்பாமலே, சொன்னாள்:

"பதினெட்டுக் கிலோமீற்றர்."

எனக்கு விளங்கியது. விளங்காதது போல நிற்க முடியவில்லை.

பதினொரு வருடத்துக்கு முன். ஜேர்மனியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம், கரவனோடு, அதிவேகப் பாதையில். அவளுடைய தொலைபேசி அடித்தது. யாழ்ப்பாணத்திலிருந்து தம்பி. ஐயா போய்விட்டார். அவள் தொலைபேசியை மடியில் வைத்துவிட்டு, "நிப்பாட்டுங்கோ" என்றாள். நான் பாதையோரத்தைப் பார்த்தேன். அங்கே அவசரத்துக்கு மட்டும்தான் நிறுத்தலாம். "அடுத்த தரிப்பிடம் பதினெட்டுக் கிலோமீற்றரிலை வருது, அதிலை நிப்பாட்டுறன்" என்றேன். அவள் மறுபடி சொன்னாள். கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். நான் சட்டம் சொன்னேன். அவசரம் என்றால் சில்லு வெடிப்பது, இயந்திரம் நிற்பது என்று விளக்கினேன். ஆம், விளக்கினேன். கரவனோடு எண்பதில் பதினெட்டுக் கிலோமீற்றர். அத்தனை தூரமும் அவள் ஜன்னல் பக்கம் திரும்பி, சத்தம் வராமல் அழுதாள். தரிப்பிடம் வந்ததும் நிறுத்தினேன், சொன்னபடியே. அவள் இறங்கவில்லை. "இனி ஓடுங்கோ" என்றாள்.

அதன் பிறகு இதைப் பற்றி நாங்கள் கதைத்ததே இல்லை. நான் சட்டப்படி சரி. அந்தச் சரியின் மேல் பதினொரு வருடம் படுத்து எழும்பினேன்.

"நான் நிப்பாட்டியிருக்கவேணும்" என்றேன், அந்தச் சின்ன மலையில் நின்று.

"ஓம்."

"அது அவசரம்தான்."

"ஓம்."

"பிழை என்னிலைதான்."

அவள் முந்தானை போலக் கழுத்துத் துணியை இழுத்துக் கண்ணைத் துடைத்தாள். பிறகு என் தோளில், ஒரு கணம், நெற்றியை வைத்தாள். அவ்வளவு காலத்தில் அவள் அப்படிச் செய்தது கிடையாது. காற்றில் அவள் தலைமுடி என் வாய்க்குள் வந்தது. கூழின் புகை மணம் இன்னும் அதில் இருந்தது.

அப்போதாவது சொல்லியிருக்கலாம் அல்லவா? இன்று வரைக்கும் என்னால் எனக்கு விளக்கம் சொல்ல முடியவில்லை. பிழையை ஒத்துக்கொண்டாயிற்று, நெற்றி தோளில் இருக்கிறது, மற்றச் சொல் தானாகவே அவளுக்குக் கேட்டிருக்கும் என்று நினைத்தேன். அதைச் சொல்லாமலே சொன்னதாக எடுத்துக்கொண்டேன். நாங்கள் அப்படி வளர்க்கப்பட்ட ஆட்கள். சோற்றைப் போட்டுத் தந்தால் அன்பு, குடையைக் கொண்டுபோனால் அன்பு. வாய் திறந்து சொன்னால் நாடகம். கீழே இறங்கும்போது அவள் இரண்டு தரம் நின்றாள். இரண்டு தரமும் நானும் நின்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் கடலைப் பற்றி ஏதோ சொன்னேன்.

ஆறாம் நாள் அவள் கரவனைக் கழுவினாள். கம்பளிகளை மடித்தாள். மிச்சப் பார்சல்களை ஒரு பையில் போட்டு, எது யாருடையது என்று ஒவ்வொன்றிலும் தாள் ஒட்டினாள். மகள் ஓகூஸிலிருந்து வந்து தாயோடு முன்னால் புல்லில் வெகுநேரம் இருந்தாள். இருவரும் டெனிஷிலும் தமிழிலும் மாறி மாறிக் கதைத்தார்கள். போகும்போது என்னைக் கட்டிப்பிடித்து, காதோரம், தமிழில் சொன்னாள்: "இன்னும் ஒரு நாள் இருக்கு அப்பா."

ஏழாம் நாள், சனிக்கிழமை காலை, பில்லுண்ட் விமான நிலையத்துக்கு ஓடினோம். அறுவடை முடிந்த வயல்கள், சுருட்டி வைத்த வைக்கோல் உருளைகள், காற்றாடிகள். அவள் கடவுச்சீட்டை நாலு தரம் எடுத்துப் பார்த்தாள். நான் ஒவ்வொரு வெளிவழிப் பலகையையும் எண்ணிக்கொண்டிருந்தேன். அடுத்த பலகை தாண்டியதும் சொல்வேன். அதற்கு அடுத்தது தாண்டியதும். அந்த வரி எனக்குள் எவ்வளவு ஆழத்தில் குடியிருக்கிறது பாருங்கள். என்னிடமே அதைச் சொல்லி என்னையே ஏமாற்றிக்கொண்டு போனேன்.

விமான நிலையத்துக்கு முன்னால், ஆட்களை இறக்கும் இடத்துக்குக் கரவனோடு போக முடியாது. தூரத்து வாகனத் தரிப்பிடத்துக்குப் போய் நிறுத்திவிட்டு நடந்து வர வேண்டும். நான் அதற்கான வழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இதிலை நிப்பாட்டுங்கோ" என்றாள்.

அது பஸ் தரிப்பிடம். பதினாறு வருடமாக அப்படிப்பட்ட இடத்தில் கார் நிறுத்துகிறவர்களைத் திட்டியே வந்தவன் நான். பிரேக்கை மிதித்தேன். காரும் கரவனுமாக, அந்த மஞ்சள் கோடுகளை முழுக்க அடைத்துக்கொண்டு, அவள் சொன்ன இடத்தில், அவள் சொன்ன உடனே நின்றேன்.

அவள் பெல்டைக் கழற்றினாள். பிறகு இறங்கினாள். நானும் இறங்கிப் பெட்டியை எடுத்துக் கொடுத்தேன். ஒற்றைப் பெட்டி. கைப்பிடியை இருவரும் பிடித்துக்கொண்டு நின்றோம். பின்னால் ஒரு பஸ் வந்து நின்றது. அதன் சாரதி ஒரு தரம் ஒலி எழுப்பினார். நான் திரும்பவில்லை.

"போகாதையும்" என்றேன்.

சொல்லிவிட்டேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. அவள் கண் நிறைந்தது. என் சேர்ட்டின் மேல் பொத்தான் திறந்திருந்தது, அதைப் பூட்டினாள். பூட்டிய இடத்தில் உள்ளங்கையை ஒரு முறை வைத்து எடுத்தாள். பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பஸ் இரண்டாம் தரம் ஒலி எழுப்பியது.

"பின்னாலை பஸ் நிக்குது" என்றாள். "சனம் பாவம். எடுங்கோ."